இனோகுமா கேட்ட பரிசு

தகமாட்சு
19 ஏப்ரல் 1981

அன்புள்ள தங்கை ஃபுமியேவுக்கு,

இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்து மரங்கள் பச்சைக்கு வந்துவிட்டன. உங்கள் குஷிரோவில் இன்னும் கணப்பை அணைத்திருக்க மாட்டீர்கள் என்கிறாள் உன் அண்ணி. நீ, மாப்பிள்ளை, மிஹோ மூவரும் சுகம்தானே? மிஹோவுக்கு இது நுழைவுத் தேர்வு வருஷம் என்பது நினைவிருக்கிறது. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். மற்றபடி குறை இல்லை. படகுத்துறையில் அதே வேலைதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை படகு புறப்படப் போவதாக ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் அண்ணியோடு பேசத் தொண்டை இருப்பதில்லை. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நம் ஊர் சீகல்ஸ் பேஸ்பால் அணியில் பந்து எறியும் பிட்சர் இனோகுமா இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். முப்பத்தெட்டு வயது. இருபது வயதில் வந்து சேர்ந்தவர் வேறு எந்த ஊருக்கும் போகாமல் இங்கேயே எறிந்து முடித்துவிட்டார். போன வாரம் செய்தி வந்ததும் மீன் சந்தையில் அரை மணி நேரம் ஏலமே நடக்கவில்லையாம்.

மைதானத்தின் வலப்பக்க இருக்கைகளில் உட்காரும் எங்கள் ரசிகர் சங்கம் அவருக்கு ஒரு பெரிய கொடி தைக்கிறது. ரசிகர்கள் ஒவ்வொருவர் பெயரும் அதில் நூலால் இருக்கும். கூடவே ஒரு நினைவுப் புத்தகம். செயலாளர் என்கிற முறையில் இரண்டும் என் தலையில்தான். இதுவரை எண்பது பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பல் டாக்டர், இனோகுமாவின் கடைவாய்ப் பல்லைத் தான்தான் பிடுங்கியதாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஒரு அம்மாள், ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணியை ஒரு அடிகூட அடிக்கவிடாமல் அவர் எறிந்த நாளில் பிரசவ வலியோடு வானொலி கேட்டதை எழுதியிருக்கிறார். பிள்ளை பிறந்ததைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான்.

மாப்பிள்ளையும் பத்திரிகையில் பார்த்திருப்பார். என்ன சொன்னார் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
யசுநோரி

---

குஷிரோ
10 மே 1981

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. அண்ணி சொன்னது சரி. இன்று காலைகூடக் கணப்பு மூட்டினோம். தெரு ஓரத்தில் பனிக்கட்டி கறுத்துப்போய்க் கிடக்கிறது. உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று எண்ணை எழுதுங்கள். "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றால் நர்ஸுக்கு எதுவும் புரியாது.

மிஹோ படிக்கிறாள். கணக்கு வரவில்லை, ஆனால் அழாமல் உட்கார்ந்து போடுகிறாள். நான் வாரம் ஐந்து நாள் கிளினிக் போகிறேன். அவர் ஐஸ் தொழிற்சாலையில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு இப்போது இயந்திர அறையில் இருக்கிறார். குளிர் குறைவு, சத்தம் அதிகம் என்கிறார்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அப்பா அம்மா கல்லறையில் புல் மண்டியிருந்தால் ஆகஸ்டு வரை காத்திருக்காமல் இப்போதே வெட்டச் சொல்லுங்கள்.

ஃபுமியே

---

தகமாட்சு
14 ஜூன் 1981

அன்புள்ள ஃபுமியேவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. வீட்டில் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கிறது. என் அழுத்தம் நூற்றைம்பத்தெட்டு. திட்ட வேண்டாம், மாத்திரை சாப்பிடுகிறேன். கல்லறையில் புல் வெட்டியாயிற்று.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதைவிடப் பெரியதாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

நேற்று சங்கத் தலைவர் ஒனிஷி, பொருளாளர், நான் மூன்று பேரும் இனோகுமா வீட்டுக்குப் போயிருந்தோம். கொடியையும் புத்தகத்தையும் தவிர ஊர் சார்பில் ஒரு பரிசு தர விரும்புகிறோம், என்ன வேண்டும் என்று கேட்டோம். ஒனிஷி கைக்கடிகாரம் என்றார். பொருளாளர் வண்ணத் தொலைக்காட்சி என்றார். இனோகுமா டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நுகாதாவைக் கூட்டிட்டு வர முடியுமா? கடைசியா ஒரு பந்து அவருக்குப் போடணும்."

அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1963இல் எதிரணியின் நுகாதாவாக மட்டை பிடிக்க வந்த மாப்பிள்ளையின் இடது கன்னத்தில் இனோகுமாவின் பந்து பட்டு எலும்பு நொறுங்கியது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தார். அவருக்குக் கட்டு மாற்றிய நீயே அவரைக் கட்டிக்கொண்டு வடக்கே போனாய். அதற்குப் பிறகு அவர் மட்டையைத் தொட்டதில்லை. இனோகுமா அந்தப் பேச்சை எடுத்தும் நான் கேட்டதில்லை.

நேற்று அவரே எடுத்தார். "அவர் உடம்பை ஒட்டி உள்பக்கமாப் போடத்தான் பாத்தேன். அவ்வளவு உள்ளே இல்ல," என்றார். ஆஸ்பத்திரிக்கு மூன்று திங்கட்கிழமை வந்தாராம். வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனாராம். இது உனக்குத் தெரியுமா?

அக்டோபர் 11, ஞாயிறு, இங்கே கடைசி ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் பாராட்டு விழா. அதில் ஒரே ஒரு பந்து. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. பயணம், தங்கல் எல்லாம் எங்கள் பொறுப்பு.

யசுநோரி

---

(அஞ்சலட்டை)
குஷிரோ, 20 ஜூலை 1981

அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். அங்கே வெயில் கடுமையாக இருக்கும், உச்சி நேரத்தில் வெளியே நிற்காதீர்கள். இங்கே மூடுபனி, துணி காய்வதில்லை. மத்தி மீன் பருவம் தொடங்கிவிட்டது. ஐஸ் தொழிற்சாலைக்கு ஓய்வு கிடையாது. அக்டோபரில் அவரால் வர முடியாது. அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இது பற்றி டெலிபோன் செய்ய வேண்டாம். எங்கள் வீட்டில் டெலிபோன் கூடத்தில் இருக்கிறது.

ஃபுமியே

---

தகமாட்சு
16 ஆகஸ்டு 1981

அன்புள்ள ஃபுமியேவுக்கு,

ஆகஸ்டுப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்த முன்னோர்களின் ஆவிகளை நேற்றுதான் வழியனுப்பினோம். அப்பாவுக்குப் பிடித்த பீச் பழம், அம்மாவுக்கு ஊடோன் நூடுல்ஸ் படைத்தோம். உன் பெயரைச் சொல்லியும் ஊதுபத்தி ஏற்றினேன். எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் அட்டை வருவதற்கு முன் சங்கக் கூட்டம் நடந்தது. நுகாதா என்ன சொன்னார் என்று ஒனிஷி கேட்டார். "வருவார்," என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அட்டை வந்த பிறகாவது போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குள் விழா அறிவிப்பு அச்சாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலும் பொதுக் குளியல் கூடங்களிலும் ஒட்டியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது தினமும் அதைக் கடந்துதான் போகிறேன்.

இதில் கஷ்டப்பட ஒன்றுமில்லை, ஃபுமியே. ஓய்வு பெறும் பிட்சர் கடைசிப் பந்தை மெதுவாகத்தான் போடுவார். எதிரே நிற்பவர் மட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வேண்டுமென்றே தவறவிடுவார். அது ஒரு மரியாதை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பிறகு இருவரும் குனிந்து வணங்குவார்கள், ஒரு புகைப்படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். மத்தி மீனுக்காக மூன்று நாள் விடுப்புத் தர மாட்டார்களா? வேண்டுமானால் தொழிற்சாலை முதலாளிக்கு நானே எழுதுகிறேன்.

எனக்காக ஒரு வார்த்தை சொல்.

அண்ணன்

---

குஷிரோ
24 ஆகஸ்டு 1981

அண்ணனுக்கு,

மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும்.

மத்தி மீன் ஒரு சாக்கு. உங்களுக்கு அது புரியும், புரிந்துகொண்டு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சுவரொட்டி ஒட்டியிருக்கிறீர்கள்.

அவருக்கு இடது கண் தெரியாது. அடிபட்ட கண்ணில் வருஷக்கணக்காக அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது. இரண்டு வருஷமாக வெளிச்சம் மட்டும் தெரிந்தது. போன டிசம்பரிலிருந்து அதுவும் இல்லை. வண்டி ஓட்டுவதை ஏன் விட்டார் என்று நினைத்தீர்கள்? அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னையும் சொல்லக் கூடாது என்றார். டீ ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். மிஹோ ஒன்றும் பேசாமல் கோப்பையை நகர்த்தி வைப்பாள். இந்த மனிதரைத்தான் இருபதாயிரம் பேர் முன்னால் நிறுத்தி மட்டையைச் சுற்றித் தவறவிடச் சொல்கிறீர்கள். அவர் வேண்டுமென்று தவறவிட வேண்டியதில்லை, அண்ணா.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை நான் அவரிடம் கொடுக்கவில்லை. கிளினிக் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இனோகுமா வராந்தாவில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அப்போதே பார்த்தேன். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வேண்டுமென்றால் அவரே எழுதட்டும். நீங்கள் ஏன் இப்படித் தவிக்கிறீர்கள்? அதுதான் எனக்குப் புரியவில்லை. பந்து போட்டது நீங்களா?

ஃபுமியே

---

தகமாட்சு
3 செப்டம்பர் 1981

ஃபுமியேவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மாப்பிள்ளையின் கண்ணைப் பற்றி உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

கடைசியில் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

1963 ஜூன் 30, ஞாயிறு. ஐந்தாவது இன்னிங்ஸ். அதற்கு முந்தைய தடவை வந்தபோது மாப்பிள்ளை இனோகுமாவின் பந்தை வேலிக்கு அப்பால் அடித்திருந்தார். அடுத்து வந்தபோது பந்து கடந்துபோகும் தளத்தை ஒட்டி, பிட்சருக்கு உள்பக்கம் போட இடம் விடாமல் நின்றார். எனக்கு இருபத்தாறு வயது. வலப்பக்கக் கூட்டத்துக்கு நான்தான் குரல் கொடுப்பேன். கையில் தகர ஊதல் இருந்தது. நான் கத்தினேன்: "ஒட்டி நிக்கிறான் பாரு, மூஞ்சிக்கே போடு!" கூட்டம் பிடித்துக்கொண்டது. மூஞ்சிக்குப் போடு, மூஞ்சிக்குப் போடு என்று மூவாயிரம் பேர், கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டு. இருபது வயதுப் பிள்ளை பந்து எறியும் மேட்டில் நின்று எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அடுத்த பந்து அதுதான்.

பட்ட சத்தம் எங்கள் இருக்கை வரை கேட்டது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கையில் ஊதலோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவன் உள்ளே போடத்தான் பார்த்தேன் என்கிறான். அப்படியே இருக்கலாம். எங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வீட்டில் டீ குடித்தபோதும் சொல்லவில்லை, நான் எதிரே உட்கார்ந்திருந்தும்.

ஒரு வருஷம் கழித்து நீ அவரையே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். அன்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பதை நீ தீர்மானித்துக்கொள். சுவரொட்டிகளை நானே போய்க் கிழித்துவிடுகிறேன், ஒனிஷியிடமும் பேசுகிறேன்.

உங்கள் பக்கம் குளிர் சீக்கிரமே தொடங்கிவிடும். உடம்பைக் கவனித்துக்கொள்.

யசுநோரி

---

குஷிரோ
25 செப்டம்பர் 1981

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஃபுமியே உங்கள் கடிதங்களை எடுத்து வந்து கொடுத்தாள். ஜூன் மாதத்துக் கடிதம், ஆகஸ்டு மாதத்துக் கடிதம். படித்தேன். மத்தி வரத்து குறைந்துவிட்டது. அதனால் ஃபுமியே சொன்ன காரணம் காலாவதியாகிவிட்டது.

வருகிறேன். 10ஆம் தேதி மாலைப் படகில் இறங்குவேன். ஃபுமியேவும் மிஹோவும் வரவில்லை, பள்ளியில் மாதிரித் தேர்வு.

இரண்டு விஷயம். மைக்கில் என்னைப் பேசச் சொல்லக் கூடாது. என் கண்ணைப் பற்றி உங்களுக்கு எழுதிவிட்டதாக ஃபுமியே சொன்னாள்; அதை வேறு யாரிடமும் பேசக் கூடாது, இனோகுமாவிடமும்தான். மட்டை அங்கேயே கொடுத்தால் போதும்.

கட்சுமி நுகாதா

---

தகமாட்சு
14 அக்டோபர் 1981

அன்புள்ள ஃபுமியேவுக்கு,

இங்கே காற்றில் குளிர் ஏறிவிட்டது. பொழுது சீக்கிரம் சாய்கிறது. நீயும் மிஹோவும் சுகமா? மாதிரித் தேர்வு எப்படிப் போனது? மாப்பிள்ளை நேற்றுக் காலை கிளம்பினார். இந்தக் கடிதத்துக்கு முன் அவர் வந்து சேர்ந்திருப்பார். ஆனால் அவர் நடந்ததைச் சொல்லுகிற ஆள் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

சுவரொட்டிகளைக் கிழிப்பதை நாளைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிக்கொண்டிருந்தபோதே அவர் கடிதம் வந்துவிட்டது. என் செப்டம்பர் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அவரிடம் சொன்னாயா இல்லையா என்று தெரியாமல்தான் துறைக்குப் போனேன். இறங்கினார், வணங்கினார், பையை என்னிடம் தரமாட்டேன் என்றார். வீட்டில் மூன்று கிண்ணம் ஊடோன் சாப்பிட்டார். உன் அண்ணி அவருக்கு வலப்பக்கமாகவே எல்லாவற்றையும் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் காலை எங்கள் குளியலறைக் கதவு உரசுகிறது என்று கழற்றி இழைத்து மாட்டினார். அந்தப் பேச்சு வருமா வருமா என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

ஞாயிறு ஆட்டத்தில் நாம் தோற்றோம். அது யாருக்கும் நினைவில் இல்லை. முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. கொடியை நாற்பது பேர் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம். பெயர்கள் நாலாயிரத்துக்கு மேல். நடுவழியில் இனோகுமா வந்து தன் தோளையும் கொடுத்தார், தன் பெயர் இல்லாத கொடி இது ஒன்றுதான் என்றார். வயதான ஆட்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அந்தப் பல் டாக்டரும் இருந்தார்.

பிறகு மாப்பிள்ளையின் பெயரை அறிவித்தார்கள். உன்னோடு கல்யாணத்துக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டில் வந்தார். மட்டையைக் கொடுத்தார்கள். தளத்தை ஒட்டி நின்றார், ஃபுமியே. அன்று நின்ற அதே இடம்.

இனோகுமா போட்டார். மெதுவான பந்து, நேராக நடுவில். மாப்பிள்ளை மட்டையை அசைக்கவில்லை. பந்து போய்ப் பிடிப்பவர் கையில் விழுந்தது. மாப்பிள்ளை குனிந்து மட்டையைத் தரையில் வைத்தார். பிறகு முதல் பேஸை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

நீ ஒருநாளும் ஆட்டம் பார்த்தவள் இல்லை, அதனால் சொல்கிறேன். பிட்சரின் பந்து உடம்பில் பட்டால் முதல் பேஸ், அதாவது பந்தை அடித்தவன் ஓடிப்போய் நிற்கிற முதல் இடம், மட்டையாளருக்குச் சொந்தம். ஓட வேண்டாம், நடந்து போய் நிற்கலாம். அன்று அவரைப் படுக்கையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்குப் பதிலாக இன்னொருவன் போய் நின்றான்.

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. சிலர் சிரித்தார்கள். என் பின்னாலிருந்து ஒருவன், "யோவ், ஒரு சுத்தாவது சுத்துய்யா!" என்றான். மேளக்காரர் என் முகத்தைப் பார்த்து, எந்தத் தாளம் அடிக்கட்டும் என்று கேட்டார். "ஒண்ணும் வேண்டாம்," என்றேன். இனோகுமாவுக்குத்தான் முதலில் புரிந்தது. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, முதல் பேஸ் பக்கம் திரும்பி அப்படியே நின்றார். அன்று இருந்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிறகு எல்லோரும். யாரும் கை தட்டவில்லை. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி அவர் எங்கள் பக்கமாகவே நடந்து வந்தார், அவசரம் இல்லாமல். பேஸ் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றார். அங்கே இருந்த ஆட்டக்காரன், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, தொப்பியைக் கழற்றி வணங்கினான்.

இனோகுமா அவரிடம் போய் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று மாப்பிள்ளையைப் பிறகு கேட்டேன். "சுகமான்னு கேட்டார். சுகம்னேன்," என்றார்.

ஒனிஷிக்கு முகம் சரியில்லை. விழா பாதியில் நின்றுபோனது போல ஆகிவிட்டது என்றார். உள்ளூர்ப் பத்திரிகையும் விருந்தாளி வழக்கத்தை மீறியதாக ஒரு மூலையில் எழுதியது. இனோகுமா மட்டும் சங்கத்துக்கு ஆள் அனுப்பி, கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்லச் சொன்னார்.

நேற்றுக் காலை துறையில் படகுக்குக் கால் மணி நேரம் இருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொன்னேன்:

"மாப்பிள்ளை, அன்னிக்கு ஸ்டாண்டுலேர்ந்து ஒருத்தன் கத்தினான், மூஞ்சிக்குப் போடுன்னு. அது நான்தான்."

அவர் உணவுப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தெரியும்," என்றார்.

"ஃபுமியே சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. பொண்ணு கேட்டு உங்க வீட்டுக்கு வந்தேன்ல, வாசல்ல நின்னு 'வாங்க'ன்னீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்க குரலை ஒரு தடவை கேட்டவன் மறப்பானா?"

"தெரிஞ்சுமா பொண்ணு கேட்டீங்க?"

"நான் ஃபுமியேவைக் கேட்டு வந்தேன். உங்களக் கேட்டு வரலியே, மச்சான்."

பிறகு அவரே சொன்னார்: "ரெண்டு மூணு வருஷம் கோவம் இருந்துச்சு. அப்புறம் மிஹோ நடக்க ஆரம்பிச்சா, எனக்கு வேலை மாறுச்சு. கோவப்பட நேரம் இல்லாமப் போச்சு."

படகு வந்தது. என் இடத்தில் நேற்று வேறொருவர் அறிவிப்புச் செய்தார். மாப்பிள்ளை ஏறிக்கொண்டு கையைக் காட்டினார். நான் தலை குனிந்து நின்றேன், படகு துறையை விட்டுப் போகும் வரை.

எழுது, ஃபுமியே.

அண்ணன்

---

குஷிரோ
6 டிசம்பர் 1981

அண்ணனுக்கு,

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. துறைமுகத்தின் ஓரங்கள் உறைந்திருக்கின்றன. அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் அழுத்தத்தை எழுதுங்கள். மிஹோ மாதிரித் தேர்வில் கணக்கில் தேறிவிட்டாள், மயிரிழையில். ஜனவரியில் டாக்டர் அவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வலது கண் நன்றாக இருக்கிறது.

அவர் வந்ததும் நடந்ததைச் சொல்லவே இல்லை. நீங்கள் எழுதியது நல்லதுதான். கறுப்புக் கோட்டைத் துவைக்கப் போடும்போது அதோடு போட்ட கால்சட்டையின் ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். என்னவென்று கேட்டதற்கு, "நடந்தேன்," என்றார்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தை நான் அவருக்குக் காட்டவில்லை. காட்டினால் அவர் தாங்க மாட்டார் என்று பதினைந்து நாள் தூங்காமல் கிடந்தேன். போவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்று மற்ற இரண்டை மட்டும் கொடுத்தேன். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று உங்கள் கடிதத்தில்தான் படித்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அண்ணனோட பேச மாட்டே," என்றார்.

நான்கு மாதம் அந்த முகத்துக்குக் கட்டு மாற்றினேன். தினமும் மதியம் நீங்கள் எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவருவீர்கள். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஆஸ்பத்திரி வாடை உங்களுக்கு ஆகாது என்று எல்லா நர்ஸுகளிடமும் சொல்லி வைத்திருந்தேன். என் கல்யாணத்தன்று நீங்களும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சாக்கே மது ஊற்றிக்கொடுத்தீர்கள். இருவருக்கும் தெரிந்திருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை. தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

அவருக்கு உங்கள்மேல் ஒன்றும் இல்லை. அது அவருடைய முகம், அவர் முடித்துக்கொண்டார். எனக்கு அப்படி வரவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இந்தக் கடிதத்தையாவது அனுப்பிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். புத்தாண்டுக்கு வருவதாக அண்ணி டெலிபோனில் சொன்னாள். இந்த வருஷம் வேண்டாம்.

உப்பிட்ட சால்மன் மீன் ஒரு பெட்டி நேற்று அனுப்பியிருக்கிறோம். நல்ல மீன், அவரே துறைமுகத்துக்குப் போய்ப் பொறுக்கி எடுத்தார். அனுப்புபவர் இடத்தில் எப்போதும் எங்கள் இருவர் பெயரும் இருக்கும். இந்த வருஷம் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. கை தவறி விட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷம் என் பெயரையும் சேர்த்து எழுதப் பார்க்கிறேன்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஃபுமியே